குக்கும்பரை நிறுவினால் பிடிடி ஆகிவிடுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மென்பொருள் சோதனை பற்றி வெளியான கட்டுரைக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிடிடி என்ற ஒரே சொல்லைச் சுற்றியே இருந்தன. 'பிஹேவியர் டிரிவன் டெவலப்மென்ட்' என்பதன் சுருக்கம் அது. ஒரு மென்பொருள் எந்தச் சூழலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை எடுத்துக்காட்டுகளின் வழியே முன்கூட்டியே பேசி முடிவு செய்து, அந்த எடுத்துக்காட்டுகளையே வழிகாட்டியாக வைத்து நிரல் எழுதும் முறை என்று இதை விளக்கலாம். குக்கும்பர் என்பது, 'ஃபீச்சர் ஃபைல்' என்ற கோப்பில் எழுதப்பட்ட அந்த எடுத்துக்காட்டுகளைப் படித்து, மென்பொருள் அதன்படி நடக்கிறதா என்று தானாகச் சோதிக்க உதவும் கருவி. அந்தக் கோப்பில் உள்ள ஒவ்வோர் எடுத்துக்காட்டும் ஒரு 'காட்சி' எனப்படும். ஒரே ஐயத்தை எழுப்பிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் எட்டு மாதங்களுக்கு முன்பு குக்கும்பரை நிறுவினார்கள். அன்றிலிருந்து நாங்கள் பிடிடி முறைக்கு மாறிவிட்டதாக மேலாளர் வாடிக்கையாளரிடம் சொல்லிவருகிறார். ஆனால், நிரலாளர்கள் வேலையை முடித்துக் கொடுத்த பிறகுதான் சோதனையாளர்களாகிய நாங்கள் ஃபீச்சர் ஃபைல் எழுதி ஆட்டோமேஷன் செய்கிறோம். இதுதான் பிடிடியா?
– சோதனைப் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. நீங்கள் செய்வது தானியங்கிச் சோதனை. அது பயனுள்ள வேலைதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நிரல் எழுதி முடிந்த பிறகு எழுதப்படும் கிவன் (தொடக்க நிலை), வென் (நிகழ்வு), தென் (விளைவு) வாக்கியங்கள் யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவைப் பதிவு செய்கின்றனவே தவிர, அந்த முடிவு சரியாக அமைவதற்கு எந்த வகையிலும் உதவுவதில்லை. வீட்டைக் கட்டிக் குடிபோன பிறகு மனையடி சாஸ்திரம் பார்ப்பதைப் போன்றது இது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த முறை பிறந்த கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய டான் நார்த், சோதனையை முதலில் எழுதிவிட்டு நிரலைப் பின்னால் எழுதும் டிடிடி முறையைப் பலருக்கும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கே தொடங்குவது, எதைச் சோதிப்பது, எதை விடுவது, சோதனைக்கு என்ன பெயர் வைப்பது என்ற அதே கேள்விகள் எல்லா இடங்களிலும் எழுந்தன. இந்தத் தடுமாற்றத்துக்கு 'டெஸ்ட்' என்ற சொல்லே பெரிய காரணம் என்று அவர் கருதினார். அதனால் 2003ஆம் ஆண்டின் இறுதியில் 'ஜேபிஹேவ்' என்ற கருவியைத் தொடங்கியபோது, சோதனை என்ற சொல்லையே நீக்கிவிட்டு 'நடத்தை' என்ற சொல்லைச் சுற்றி அதை வடிவமைத்தார். அடுத்த ஆண்டு கிறிஸ் மேட்ஸ் என்ற வணிகப் பகுப்பாய்வாளருடன் பேசும்போது, இது தேவைகளைப் பகுத்தாயும் வேலையைப் போலவே இருக்கிறதே என்ற எண்ணம் பிறந்தது. இருவரும் சேர்ந்து கிவன், வென், தென் என்ற வாய்பாட்டை உருவாக்கினார்கள். 2006 மார்ச்சில் டான் நார்த் எழுதிய கட்டுரையின் மூலம் இந்த முறை பரவலாகத் தெரியவந்தது.

குக்கும்பர் வந்தது அதற்குப் பிறகு, 2008இல். அதை உருவாக்கிய அஸ்லாக் ஹெல்லசோயே 2014இல், உலகிலேயே மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட கூட்டுப்பணிக் கருவி இதுதான் என்ற கருத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. சோதனை என்ற சொல்லை ஒதுக்குவதற்காகப் பிறந்த ஒரு முறை, இன்று பல நிறுவனங்களில் சோதனைப் பிரிவின் கருவியாக மட்டும் அறியப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நீங்கள் மாற்ற வேண்டியது வேலையின் வரிசையை. அடுத்த ஸ்பிரிண்டில், அதாவது அடுத்த குறுகிய வேலைச் சுற்றில், வரப்போகும் ஒரே ஒரு தேவையை எடுத்துக்கொள்ளுங்கள். நிரலாளர் கணினியைத் தொடுவதற்கு முன்பு, அவரும் நீங்களும் தேவையைச் சொன்னவரும் அரை மணி நேரம் உட்காருங்கள். "இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பிறகு, "இந்த விதி பொருந்தாத சந்தர்ப்பம் ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். அந்தப் பேச்சில் கிடைப்பதை எழுதுங்கள், எழுதியதைத் தானியங்கியாக்குங்கள். உரையாடுவது முதன்மை, அதை எழுதிவைப்பது அதற்கு அடுத்தது, தானியங்கியாக்குவது அதற்கும் அடுத்தது என்று இத்துறையில் நீண்டகாலம் உழைத்த லிஸ் கியோ சொல்லிவந்திருக்கிறார். பெரும்பாலான நிறுவனங்கள் மூன்றாவதிலிருந்து தொடங்கி, அங்கேயே நின்றுவிடுகின்றன.

கேள்வி: "வணிகப் பிரிவினரே படிப்பார்கள், அவர்களே எழுதவும் செய்வார்கள்" என்று சொல்லித்தான் எங்களை இந்த முறைக்கு மாற்றினார்கள். ஒன்றரை ஆண்டுகளாகிவிட்டன. இதுவரை ஒருவர்கூட எங்கள் ஃபீச்சர் ஃபைல்களைத் திறந்து பார்த்ததில்லை. பிறகு எதற்கு இந்தக் கூடுதல் சுமை?
– அணித் தலைவர், சென்னை

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. முதலில், உங்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதியே தவறு. ஃபீச்சர் ஃபைல் எழுதப் பயன்படும் கெர்கின் மொழியில் வணிகப் பிரிவினரே எழுத வேண்டும் என்பது இந்த முறையின் நிபந்தனை இல்லை. அவர்கள் பேச்சில் கலந்துகொள்ள வேண்டும். எழுதுவதை நிரலாளரோ சோதனையாளரோ செய்யலாம். எழுதியதைப் பார்த்து, "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று அவர்கள் உறுதி செய்தால் போதும்.

இரண்டாவது, அவர்கள் படிக்கும்படி நாம் எழுதுகிறோமா என்ற கேள்வி. நான் பார்த்த ஃபீச்சர் ஃபைல்களில் பெரும்பாலானவை, நகைக்கடன் மென்பொருளுக்கான இந்தக் காட்சியைப் போலத்தான் இருந்தன:

கிவன்: உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்கிறேன்
மேலும்: பயனர் பெயர்ப் பெட்டியில் 'காசாளர்1' என்று தட்டச்சு செய்கிறேன்
மேலும்: நீலப் பொத்தானை அழுத்துகிறேன்
மேலும்: மூன்றாவது மெனுவில் 'மீட்பு' என்பதைத் தேர்வு செய்கிறேன்
தென்: 'வெற்றி' என்ற சொல் திரையில் தெரிய வேண்டும்

இதை எந்தக் கிளை மேலாளர் படிப்பார்? அவருடைய தொழிலைப் பற்றிய ஒரு சொல்கூட இதில் இல்லை. பொத்தானின் நிறம் மாறினால் இந்தக் காட்சி பொய்யாகிவிடும். வட்டிக் கணக்கு தவறாக இருந்தாலோ இது எதையும் கண்டுகொள்ளாமல் பச்சை விளக்கு காட்டும்.

இதே வேலைக்கு வேறொரு காட்சி எப்படி எழுதப்பட்டது என்பதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நகைக்கடன் மென்பொருள் ஒன்றைச் செய்த அணியுடன் இருந்தேன். தேவை ஆவணத்தில் ஒரு வரி இருந்தது: "நகையை எப்போது மீட்டாலும் குறைந்தது 7 நாள் வட்டி வசூலிக்க வேண்டும்." எல்லோருக்கும் புரிந்த வரி, யாருக்கும் ஐயம் இல்லை. அன்று கிளை மேலாளர் ஒருவரும் நிரலாளரும் சோதனையாளரான இளம்பெண் ஒருவரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். அந்தப் பெண் கேட்டார்: "சார், 50,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. ஜூன் 1ஆம் தேதி வைத்து 8ஆம் தேதி மீட்டால் எத்தனை நாள் வட்டி?"

நிரலாளர் உடனே 7 என்றார். மேலாளர் அதே நொடியில் 8 என்றார். "வைத்த நாளும் சேரும், மீட்ட நாளும் சேரும். அடகுக் கணக்கில் எப்போதும் அப்படித்தான்" என்றார். 7 நாளுக்கு 115.07 ரூபாய், 8 நாளுக்கு 131.51 ரூபாய். ஒரு கடனுக்கு 16 ரூபாய் 44 காசு வித்தியாசம். எல்லாக் கிளைகளிலும் எல்லாக் கடன்களுக்கும் அது பெருகுவதை எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பெண் அதோடு விடவில்லை. "காலையில் வைத்து அன்று மாலையே மீட்டால்?" என்று கேட்டார். ஆவணத்தின்படி 7 நாள் வட்டி வாங்க வேண்டும். மேலாளரோ, "அன்றைக்கே மீட்டால் வட்டி வாங்குவது கிடையாது. பதிவையே ரத்து செய்துவிடுவோம்" என்றார். எந்த ஆவணத்திலும் இல்லாத விதி அது. பல ஆண்டுகளாகக் கவுன்ட்டரில் இருப்பவர்களின் பழக்கத்தில் மட்டும் இருந்தது. மூன்றாவதாக, "இரண்டு வளையல்களில் ஒன்றை மட்டும் மீட்க வந்தால்?" என்று கேட்டபோது மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்தக் கூட்டம் முடிய இருபது நிமிடங்கள்கூட ஆகவில்லை. அதன் முடிவில் எழுதப்பட்ட காட்சி இது:

கிவன்: 50,000 ரூபாய் நகைக்கடன், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில், ஜூன் 1 அன்று வழங்கப்பட்டுள்ளது
வென்: வாடிக்கையாளர் ஜூன் 8 அன்று நகையை மீட்கிறார்
தென்: 8 நாளுக்கு 131.51 ரூபாய் வட்டி வசூலிக்கப்பட வேண்டும்

இதில் பொத்தான் இல்லை, பக்கம் இல்லை, மெனு இல்லை. மேலாளர் இதைப் படித்தார். படித்தது மட்டுமல்ல, "ஆண்டு என்பது 365 நாள் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்" என்று திருத்தமும் சொன்னார். தன் தொழிலின் சொற்களில் எழுதப்பட்டதைப் படிக்க யாரும் மறுப்பதில்லை. உங்களிடம் இருக்கும் ஃபைல்களில் பத்தை எடுத்து, திரையைப் பற்றிய சொற்களை நீக்கிவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். எதுவும் மிஞ்சாத காட்சியை ஃபீச்சர் ஃபைலில் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: டிடிடி செய்பவர்களுக்குத் தனியாகப் பிடிடி தேவையா? இரண்டில் எது உயர்ந்தது?
– மென்பொருள் நிரலாளர், மதுரை

பதில்: உயர்வு தாழ்வு என்ற கேள்வி இங்கே எழவில்லை. டிடிடி, நிரலின் ஒரு சிறு பகுதி சரியாக இயங்குகிறதா என்று நிரலாளர் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு முன்னேறும் வழி. பிடிடி, செய்ய வேண்டியது இதுதானா என்று பலரும் சேர்ந்து கேட்கும் வழி. மேலே சொன்ன நகைக்கடனில், நாள் எண்ணும் செயற்கூற்றை நிரலாளர் டிடிடி முறையில் மிக அழகாக எழுதியிருக்கலாம்; எல்லாச் சோதனைகளும் தேறியிருக்கும்; விடை 7 என்றே வந்திருக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: கெர்கினைத் தமிழில் எழுத முடியும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மையா? எழுதினால் பயன் உண்டா?
– கணினி அறிவியல் மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: உண்மைதான். கெர்கினின் குறிச்சொற்கள் எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளன. தமிழும் அவற்றில் ஒன்று. கோப்பின் முதல் வரியில் மொழி தமிழ் என்று குறிப்பிட்டுவிட்டால், 'அம்சம்', 'பின்னணி', 'காட்சி', 'எடுத்துக்காட்டுகள்' போன்ற தமிழ்ச் சொற்களைக் குக்கும்பர் அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

ஆனால் எழுதத் தொடங்கியதுமே ஓர் இடறலை உணர்வீர்கள். கிவன் என்பதற்குக் 'கொடுக்கப்பட்ட' என்றும், வென் என்பதற்கு 'எப்போது' என்றும், தென் என்பதற்கு 'அப்பொழுது' என்றும் பெயர்த்திருக்கிறார்கள். முதலாவது பெயரெச்சம், தனக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை எதிர்பார்க்கும். இரண்டாவது வினாச்சொல். 'எப்போது வாடிக்கையாளர் நகையை மீட்கிறார்' என்று எழுதினால், அது நிகழ்வைச் சொல்லாமல் கேள்வி கேட்கிறது. தமிழில் நிபந்தனையும் காலமும் வினையின் கடைசியில் வந்து சேரும்: 'மீட்டால்', 'மீட்கும்போது'. வாக்கியத்தின் முதலில் ஒரு சொல்லை நிறுத்தி அந்த வேலையை அதனிடம் வாங்குவது நம் மொழியின் இயல்பு இல்லை. பெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. குறிச்சொல் வரியின் முதலில்தான் வர வேண்டும் என்ற கருவியின் இலக்கணத்துக்கு அவர்கள் கட்டுப்பட்டிருந்தார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கெர்கினில் கிவன், வென், தென் போன்ற குறிச்சொற்களுக்குப் பதிலாக வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போடலாம். எல்லா மொழிகளிலும் அது செல்லும். அப்படிச் செய்தால் 'ஜூன் 8 அன்று வாடிக்கையாளர் நகையை மீட்கிறார்' என்று இயல்பான தமிழ் வாக்கியத்தையே எழுதிவிடலாம்.

பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மென்பொருளைப் பற்றிப் பேசுபவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்களோ, அந்த மொழியில் எழுதினால் பயன் உண்டு. கூட்டுறவுச் சங்கம், அடகுக்கடை, நெல் கொள்முதல் போன்ற இடங்களில் தொழில் முழுவதும் தமிழில் நடக்கிறது. அங்கே 'முதல்', 'வட்டி', 'மீட்பு', 'ஏலம்' என்ற சொற்களை ஆங்கிலமாக்கி எழுதி, பிறகு அவர்களிடம் தமிழில் விளக்கும்போது பொருள் இரண்டு முறை நழுவ வாய்ப்பிருக்கிறது. ஆங்கிலத்தில் பேசும் வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலையில் ஆங்கிலமே பொருத்தம். மாணவியாக இருக்கும்போதே இதை யோசித்திருக்கிறீர்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கேள்வி: எங்களிடம் 1,900 காட்சிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஓட்டி முடிக்க நான்கரை மணி நேரமாகிறது. ஒவ்வொரு நாளும் ஏதாவது 30, 40 காட்சிகள் காரணமில்லாமல் தோல்வியடைகின்றன. மீண்டும் ஓட்டினால் தேறிவிடுகின்றன. பிடிடியையே கைவிடலாம் என்று அணியில் பேச்சு எழுந்துள்ளது.
– மூத்த பொறியாளர், பெங்களூரு

பதில்: கைவிட வேண்டியது எது என்பதில் கவனமாக இருங்கள். உங்கள் காட்சிகள் எல்லாம் உலாவியைத் திறந்து, திரை வழியாகவே ஓடுகின்றன என்று கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். நோயின் மூலம் அங்கேதான் இருக்கிறது. கிவன், வென், தென் என்று எழுதிவிட்டால் அது திரை வழியாகத்தான் ஓட வேண்டும் என்று எவரும் விதித்ததில்லை. வட்டிக் கணக்கைச் சரிபார்க்க, காட்சியின் வரியை நிரலோடு இணைக்கும் ஸ்டெப் டெஃபினிஷனிலிருந்து வட்டி கணக்கிடும் நிரலை நேரடியாக அழைத்தால் போதும். உலாவி வழியாகப் பல விநாடிகள் எடுக்கும் காட்சி, அப்போது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பக்கம் வந்து சேர்வதற்குக் காத்திருக்கும் வேலையும் இல்லாததால், காரணமற்ற தோல்விகளும் பெருமளவு மறையும். திரையும் பின்னணியும் சரியாக இணைந்திருக்கின்றனவா என்று பார்க்க, முதன்மையான சில பாதைகளை மட்டும் திரை வழியாக ஓட்டுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. ஒவ்வொரு சோதனையையும் கெர்கினில் எழுத வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அது நிறைய அணிகளைப் பாழாக்கியிருக்கிறது. கைப்பேசி எண்ணில் பத்து இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசப்போவதில்லை. அது நிரலின் சிறு பகுதியை மட்டும் சோதிக்கும் சாதாரண யூனிட் டெஸ்டாக இருக்கட்டும். தொழில் தெரிந்தவரிடம் பேசித்தான் விடை தெரியும் என்ற விதிகள் மட்டும் ஃபீச்சர் ஃபைலில் இருக்கட்டும். இன்னொன்று: உங்கள் அணியில் ஸ்டெப் டெஃபினிஷன்களை மறுபயன்பாட்டுக்காக மிகப் பொதுவாக எழுதியிருப்பதாகத் தெரிகிறது. 'இந்தப் பெட்டியில் இந்த மதிப்பை இடு' என்ற ஒரே வாக்கியத்தை 900 இடங்களில் பயன்படுத்தினால், நிரலின் வேலையை ஆங்கில வாக்கியங்களில் செய்ய முயல்கிறீர்கள் என்றுதான் பொருள். ஒரு வாரம் ஒதுக்கி, தயக்கமில்லாமல் அழியுங்கள். அழிப்பதற்கு முன்பு ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரே கேள்வி போதும்: இது தோற்றால், தொழிலில் எந்த விதி மீறப்பட்டது என்று என்னால் சொல்ல முடியுமா?

கேள்வி: டாட்நெட்டில் குக்கும்பரின் வேலையைச் செய்துவந்த ஸ்பெக்ஃப்ளோ நிறுத்தப்பட்டுவிட்டது. எங்கள் டாட்நெட் திட்டத்தில் பிடிடி இனி தொடர முடியாதா?
– நிரலாளர், திருச்சி

பதில்: ஸ்பெக்ஃப்ளோவுக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அதை முதலில் உருவாக்கிய காஷ்பார் நாகி, அதன் திறந்த மூல நிரலிலிருந்து 'ரெக்ன்ரோல்' என்ற கருவியை வளர்த்துத் தந்திருக்கிறார். உங்கள் ஃபீச்சர் ஃபைல்களை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு மாறலாம். முறை கருவியைச் சார்ந்து இல்லை. கருவி எதுவுமே இல்லாமல், வெள்ளைப் பலகையில் எடுத்துக்காட்டுகளை எழுதி நன்றாகப் பிடிடி செய்த அணிகளும் உண்டு.

கேள்வி: பிடிடியால் பிழைகள் எத்தனை சதவீதம் குறையும் என்று நிர்வாகம் கேட்கிறது. என்ன பதில் சொல்வது?
– திட்ட மேலாளர், சென்னை

பதில்: சதவீதம் எதையும் சொல்லாதீர்கள். நாளை அந்த எண்ணே உங்கள் கழுத்துக்கு வரும். அதற்குப் பதிலாக, இரண்டு மாதங்களுக்கு ஒரு கணக்கு எழுதிவாருங்கள்: 'தேவை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது' என்ற காரணத்தால் திரும்ப வந்த வேலைகள் எத்தனை, அவற்றுக்குச் செலவான நாட்கள் எத்தனை. உங்கள் அணியின் சொந்த எண்ணை விட வலுவான ஆதாரம் வேறில்லை.

கேள்வி: எங்கள் வாடிக்கையாளர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறார். அவருடன் நேரடியாகப் பேச இரவு 9 மணிக்கு மேல் அரை மணி நேரம் கிடைப்பதே அரிது. மூவர் கூடிப் பேச வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குச் சாத்தியமா?
– வணிகப் பகுப்பாய்வாளர், சென்னை

பதில்: அரை மணி நேரம் போதும். மேட் வின் 2015இல் எழுதிய 'எக்ஸாம்பிள் மேப்பிங்' என்ற முறை 25 நிமிடங்களுக்குள் முடியும்படி வகுக்கப்பட்டது. நான்கு நிற அட்டைகள் வேண்டும்: தேவைக்கு மஞ்சள், விதிகளுக்கு நீலம், எடுத்துக்காட்டுகளுக்குப் பச்சை, விடை தெரியாத கேள்விகளுக்குச் சிவப்பு. இணையப் பலகையிலும் இதைச் செய்யலாம்.

உங்கள் நிலையில், பகலில் நீங்களும் நிரலாளரும் சோதனையாளரும் முதலில் உட்கார்ந்து, தெரிந்த வரையில் நீலமும் பச்சையும் எழுதி வையுங்கள். வாடிக்கையாளரின் நேரத்தைச் சிவப்பு அட்டைகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அவரிடம் "விதி என்ன?" என்று கேட்காமல், "இந்த வாடிக்கையாளர், இந்தத் தேதி, இந்தத் தொகை – விடை என்ன வர வேண்டும்?" என்று எண்களோடு கேளுங்கள், எண்ணைக் கண்டதும் அவரே, "இல்லை, அப்படி நடக்காது" என்று பேசத் தொடங்குவார். பேச்சு முடியும்போது சிவப்பு அட்டைகள் பல மிஞ்சியிருந்தால், அந்தத் தேவையை இந்த ஸ்பிரிண்டில் எடுக்காதீர்கள். நீல அட்டைகள் ஏழு, எட்டு என்று நீண்டுகொண்டே போனால், தேவை பெரிது என்று பொருள். இரண்டாகப் பிரித்துவிட்டு, முதல் பாதியை மட்டும் மறுநாள் காலையில் தொடங்குங்கள்.